சிநேகிதன் அறையில் ஒரு சிடுமூஞ்சி!

ஊரிலிருந்து சிநேகிதனைப் பார்க்க ஆசையோடு போகிறோம். அவனும் வாய் நிறைய "வாடா, வா!" என்று கூப்பிடுகிறான்.

ஆனால் அதே அறையில் இன்னொருவர் இருக்கிறார். அவர் நம்மைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்!

அவரை எப்படிச் சமாளிப்பது?

வேலை தேடியோ, பரீட்சை எழுதவோ சென்னைக்கு வரும் வாலிபர்கள் பலரும் இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாளிகை அல்ல, அறை!

திருவல்லிக்கேணியை எடுத்துக்கொள்வோம். பார்த்தசாரதி கோவிலும், வாலாஜா பள்ளிவாசலும், 1921-ல் பாரதியார் காலமான வீடும் உள்ள பழைய பேட்டை அது. மெரினா கடற்கரை நடை தூரம்.

இங்கே பல தெருக்களில் "மேன்ஷன்"கள் உண்டு. மேன்ஷன் என்றால் மாளிகை என்று பொருள். ஆனால் மாளிகையைத் தேடிப் போனால் ஏமாந்துதான் போவீர்கள்! உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். இரண்டு கட்டில் போட்டால் நடுவில் ஓர் ஆள் நடக்கலாம். சமையலறை கிடையாது, சாப்பாடு மெஸ்ஸில். பல மேன்ஷன்களில் குளியல் அறையும் பொதுதான். காலையில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும்.

வாடகை கட்டுப்படியாக வேண்டுமே! அதனால் முன்பின் தெரியாத இருவர், மூவர் ஓர் அறையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

அந்த அறைக்குள்தான் நாம் நுழைகிறோம்!

காலை 7 மணிக்கு மோதல்

கந்தன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்வியூவுக்காக இரவு ரயில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்குகிறான். நேரே சிநேகிதன் வேலுவின் அறைக்குப் போகிறான்.

விளக்கைப் போடுகிறான். பெட்டியைத் தொப்பென்று வைக்கிறான். ஊர்க் கதை தொடங்குகிறது. சிரிப்புச் சத்தம் அறையைத் தூக்குகிறது. பிறகு மூலையில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்புகிறான்.

எதிர்க் கட்டிலில் போர்வை விலகுகிறது. அங்கே படுத்திருந்தவர் மணி என்பவர்.

"இது என்ன சத்திரமா? அது என் வாளி. கீழே வை!"

"நீர் யார் என்னை அதட்ட? என் சிநேகிதனும்தான் வாடகை கொடுக்கிறான்!"

வார்த்தை தடித்தது. நடுவில் நின்ற வேலுவுக்கு முகம் வெளுத்தது.

மணி ஏன் சீறினார்?

மணிக்கு அமெரிக்கக் கம்பெனியின் வாடிக்கையாளர்களுடன் போனில் பேசும் வேலை. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால், சென்னையில் மாலை 6½ அல்லது 7½ மணி. அங்கே ஆபீசு மூடும்போது இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். மணி வந்து படுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

மணி பேசியது கடுமைதான். ஆனால் கந்தன் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டான்? தூக்கத்தை எடுத்துக்கொண்டான். வாளியை எடுத்துக்கொண்டான். அவர் காசு கொடுத்து வாங்கிய பாதி அறையையும் எடுத்துக்கொண்டான். ஒன்றையும் கேட்டு எடுக்கவில்லை!

விருந்தாளியின் முகம் வாடக்கூடாது என்பது வள்ளுவர் வாக்கு. அது விருந்துக்கு அழைத்தவருக்குச் சொன்னது. மணி நம்மை அழைக்கவில்லையே!

இதை மட்டும் செய்யுங்கள்

புறப்படும் முன்பே, "உன் அறைத் தோழருக்குச் சம்மதமா?" என்று சிநேகிதனைக் கேளுங்கள். எத்தனை நாள் தங்குவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். மேன்ஷன் மேனேஜரிடமும் கேட்கச் சொல்லுங்கள். சில இடங்களில் விருந்தாளிக்குத் தனிக் கட்டணம் உண்டு. பெண்கள் விடுதி என்றால் வார்டன் அனுமதி இல்லாமல் இரவு தங்கப் போகவே வேண்டாம்.

அறைக்குள் போனதும், அவர் விழித்திருந்தால் முதல் வணக்கம் அவருக்கு. "நாளை மறுநாள் காலை கிளம்பிவிடுவேன்" என்று நாளைச் சொல்லுங்கள். போகும் நாள் தெரிந்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

சோப்பு, துண்டு, போர்வை, செல்போன் சார்ஜர் எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். வாளி வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள்.

ஊர்க் கதையை டீக்கடையில் பேசுங்கள். கடற்கரையில் பேசுங்கள். அங்கே யார் தூக்கமும் கெடாது.

குத்திப் பேசினால்?

எல்லாம் செய்தும் சிலர் குத்திப் பேசுவார்கள். பதிலுக்குக் குத்தாதீர்கள். "நீயே நியாயம் சொல்" என்று சிநேகிதனை நடுவில் நிறுத்தாதீர்கள். "இவனோடு எப்படியடா காலம் தள்ளுகிறாய்?" என்று அவன் காதில் ஓதவும் வேண்டாம். அது அவன் மனத்தில் முள்ளாகத் தைத்து நிற்கும்.

ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. குடித்துவிட்டு ஏசினால், பெட்டியில் கை வைத்தால், அடிக்க ஓங்கினால் ஒரு நிமிடம்கூட அங்கே நிற்காதீர்கள். பெட்டியோடு வெளியே வந்து மேனேஜரிடம் சொல்லுங்கள். ஆபத்து என்றால் 112-க்குப் போன் செய்யுங்கள். இரவு தங்க வேறு இடம் தேடுங்கள். ரயில் டிக்கெட் கையில் இருந்தால், பெரிய ரயில் நிலையங்களின் ஓய்வறையில் இடம் கேட்டுப் பார்க்கலாம்.

பிறகு என்ன ஆனது?

கந்தன் இரண்டு நாளில் ஊருக்குப் போய்விட்டான். அவனுக்கு அதோடு சண்டை முடிந்தது. வேலுவுக்கு அப்போதுதான் தொடங்கியது! "நான் வேறு அறைக்குப் போகிறேன்" என்று மணி கிளம்பிவிட்டார். புது ஆள் வரும் வரையில் முழு வாடகையும் வேலுவின் தலையில் விழுந்தது. அந்த மாதம் அம்மாவுக்கு அனுப்பும் பணம் குறைந்தது. கந்தனுக்கு இது தெரியவே தெரியாது. வேலு சொல்லவில்லை.

அன்று மாலையே கந்தன் ஒரு டீ வாங்கிக்கொண்டு போய், "ராத்திரி வேலை என்று எனக்குத் தெரியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அண்ணே!" என்று சொல்லியிருந்தால்? மணியும் மனிதர்தானே! அதோடு போயிருக்கும்.

ஆகவே, சிநேகிதன் அறைக்குப் போகிறவர்களே, ஒன்றை மறவாதீர்கள். நமக்கு அந்தச் சிடுமூஞ்சியோடு இரண்டு நாள்தான். நம் சிநேகிதனுக்கோ தினமும் விழிக்கிற முகமே அதுதான்!