அரசின் அவசரம் யாருக்காக?

தென்மாவட்ட மக்கள் பிரதிநிதிகளைப் பற்றிய இந்தத் தொடரில் இந்த வாரம் மதுரை. மில் தொழிலாளர்களுக்காக உருவான ஹார்விபட்டியிலிருந்து வந்தவர் சு. வெங்கடேசன். ‘காவல் கோட்டம்’ நாவலுக்காக 2011-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பில் 2019-லும் 2024-லும் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனவர். மருத்துவம், கனிமம், குடியுரிமை என்று மூன்று விஷயங்களில் அவரும் அவருடைய கட்சியும் எடுத்த நிலைப்பாடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி ஓடுவது தெரியும். அரசு யாருக்காக விரைகிறது, யாரைக் காக்க வைக்கிறது? இடதுசாரி அரசியலை ஏற்காதவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் மதுரையை அடுத்த தோப்பூர். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் உண்டு என்று 2015 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தோப்பூரில் பிரதமர் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27 அன்று. ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட ராஜ்கோட் எய்ம்ஸுக்கு 2024 பிப்ரவரியில் திறப்பு விழாவே நடந்துவிட்டது. தோப்பூரில் முழுவீச்சிலான கட்டுமானம் தொடங்கியதே அந்த வருடம்தான். 2022-ல் மதுரை எய்ம்ஸில் சேர்ந்த முதல் 50 மாணவர்கள், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்க நேர்ந்தது. ஜப்பானின் ஜைகா கடனுக்கான நடைமுறைகள் நீண்டன, திட்ட மதிப்பு 1,264 கோடி ரூபாயிலிருந்து 1,977.80 கோடியாக உயர்ந்தது என்று காரணம் சொல்லப்பட்டது. காரணம் பொய்யல்ல. ஆனால் மற்ற ஊர்களுக்குப் பட்ஜெட்டிலிருந்தே பணம் ஒதுக்கிய அரசு, மதுரையை மட்டும் வெளிநாட்டுக் கடனை நம்பி ஏன் நிறுத்தியது? தேனி, விருதுநகர், சிவகங்கை என்று சுற்றுப்பட்டு மாவட்டங்களில் ‘மேல்சிகிச்சைக்கு மதுரை’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பும் நோயாளிகளை இன்றும் ராஜாஜி மருத்துவமனை என்கிற பெரியாஸ்பத்திரிதான் தாங்குகிறது. காத்திருக்க முடியாதவர் நகையை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறார். தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் அவர்தான்.

இனி மேலூர்ப் பக்கம். முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை 2023-ல் சட்டத் திருத்தம் மூலம் மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே, 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரத்தின் 2,015.51 ஹெக்டேருக்கு வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. அந்த எல்லைக்குள் அரிட்டாபட்டியும் அகப்பட்டுக்கொண்டது. ஏழு குன்றுகள், சமணர் படுகை, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், வல்லூறுகள், கண்மாய்களை நிரப்பும் ஊற்றுகள் கொண்ட அந்த ஊர், 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏலத்தை ரத்து செய்யக் கோரி வெங்கடேசன் குரல் கொடுத்தார். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு பின்வாங்கியது. நாட்டுக்கு டங்ஸ்டன் வேண்டாமா, இடதுசாரிகள் எந்த வளர்ச்சியையும் தடுப்பவர்கள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. டங்ஸ்டன் வேண்டும்தான். ஆனால் ஏலத்துக்கு முன்பே கிராமசபைகளைக் கேட்டிருக்க வேண்டும். எய்ம்ஸை விரைந்து கட்டு என்று மன்றாடும் வெங்கடேசனை வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்வதும் நியாயமல்ல.

மூன்றாவது விஷயம் இந்த இரண்டு இடங்களுக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. தோப்பூரை அடுத்த உச்சப்பட்டியிலும், மேலூர் வட்டத்துத் திருவாதவூரிலும், நகரை ஒட்டிய ஆனையூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு வரத் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே வளர்கிறார்கள். 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை வேண்டுமானால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். முகாமில் பிறந்த பிள்ளைக்கு அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளுக்கு மட்டும், இலங்கைத் தமிழரைச் சேர்க்காமல், அதுவும் முஸ்லிம்களை விலக்கி, 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது. முகாம் தமிழர்களுக்குக் குடியுரிமை கொடுத்தால் ஊடுருவல் பெருகும் என்பது எதிர்வாதம். இவர்களோ அரசே பதிவு செய்து, அடையாள அட்டையும் மாத உதவித்தொகையும் கொடுத்து வைத்திருக்கும் மக்கள். 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசே விலக்கு அளித்தது. தண்டிக்க வேண்டாதவர்கள் என்று ஒப்புக்கொண்டாயிற்று. குடிமக்கள் என்று ஏற்பதுதான் பாக்கி. ஊர் திரும்ப விரும்புகிறவர் திரும்பட்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு உரிமை கிடைக்கட்டும்.

ஒரு உறுப்பினரின் பேச்சு மட்டும் எதையும் மாற்றிவிடாது என்ற ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. டங்ஸ்டன் ஏலத்தை முறித்தது மேலூர் மக்களின் கால்கள். அவர்கள் வாக்காளர்கள் என்பதால் எல்லாக் கட்சிகளும் இறங்கி வந்தன. முகாமில் இருப்பவருக்கு வாக்கு இல்லை. அவர் நடந்தாலும் டெல்லிக்குக் கேட்காது. அவருக்காகவும் கேட்க வேண்டிய கடமை வாக்குள்ள நமக்கு உண்டு. அடுத்த முறை உங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், தோப்பூரோடும் அரிட்டாபட்டியோடும் சேர்த்து உச்சப்பட்டி முகாமைப் பற்றியும் கேளுங்கள்.

(தொடரும்)