வேகப் படகும் நம் கரையும்

கடற்கரையோரம் வாழும் நமக்குப் படகு புதிதன்று. புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், மெய்யூர்குப்பம், கொக்கிலமேடு ஆகிய ஊர்களின் மணலில் பைபர் படகுகள் வரிசையாக நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். முட்டுக்காடு படகுத் துறையில் காசு கொடுத்து வேகப் படகில் ஏறி, நீர் முகத்தில் தெறிக்க மகிழ்ந்து வந்தவர்களும் நம்மில் உண்டு. ஆனால் படகில் ஏறி வருவது வேறு; படகை உடைமையாக வைத்து ஓட்டுவது வேறு. உலகின் பல நாடுகளில் மீன்பிடிக்கவும் ரோந்துக்கும் பயன்படும் அதிவேகப் படகு எப்படி இயங்குகிறது, அதை வைத்திருப்பவர் எதற்கெல்லாம் அணியமாக இருக்க வேண்டும், அதிலிருந்து நம் கரைக்கு ஏற்றவை எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நடுவில் நிற்கும் சுக்கான்

நம் ஊர் பைபர் படகில் வெளிப்பொருத்தும் இயந்திரம் அமரத்தில், அதாவது பின்புறத்தில், மாட்டப்பட்டிருக்கும். ஓட்டுபவர் அதன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அங்கேயே அமர்ந்திருப்பார். அதிவேகப் படகில் அவ்வாறன்று. படகின் நட்ட நடுவில் ஒரு மேடை நிற்கும். சுக்கான் சக்கரம், வேகக் கட்டுப்பாட்டுக் கோல், திசைகாட்டி, ஆழம் காட்டும் கருவி யாவும் அதில் இருக்கும். அணியம் முதல் அமரம் வரை நான்கு பக்கமும் திறந்த தளம்.

இதற்குக் காரணம் உண்டு. ஊஞ்சல் பலகையை நினைத்துப் பாருங்கள். முனையில் இருப்பவர் மிக உயர்ந்து மிகத் தாழ்வார். நடுவில் இருப்பவர் அதிகம் அசைவதில்லை. அலையில் படகும் அவ்வாறே ஆடுகிறது. ஆகவே நடுவில் நிற்பவருக்கு அதிர்ச்சி குறைவு, பார்வை தெளிவு. தூண்டிலில் சிக்கிய பெரிய மீன் படகைச் சுற்றி ஓடினாலும், மீனவர் தடையின்றி அதன் பின்னே சுற்றி நடக்கலாம்.

மூழ்காத உடல்

1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லைஃப் பத்திரிகையில் ஒரு விந்தையான படம் வந்தது. போஸ்டன் வேலர் என்னும் படகு நீரில் மிதக்கும்போதே அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்தனர். அதைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவர் ஃபிஷர் அப்படகிலேயே அமர்ந்திருந்தார். பாதிப் படகு மூழ்கவில்லை! இரண்டு கண்ணாடியிழைச் சுவர்களுக்கு நடுவே நீர் புகாத நுரையை நிரப்பியிருந்ததே அதன் இரகசியம்.

இத்தகைய படகுகளின் தளம் கடல் மட்டத்துக்குச் சற்று மேலே அமைக்கப்படும். அலை உள்ளே விழுந்தால் துளைகள் வழியே நீர் தானாகவே வெளியேறும்.

இதைப் படிக்கும்போது நமக்கு எது நினைவுக்கு வருகிறது? நம் கட்டுமரம்தான்! மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த அதில் நீர் தேங்க இடமேயில்லை. கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப் போட்டு மீண்டும் ஏறலாம். "கட்டமரான்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே தாய். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய பின், கட்டுமரங்கள் நின்ற இடங்களில் பைபர் படகுகள் பெருகின. அவை வேகமானவை, நிறைய வலை ஏற்றக் கூடியவை. ஆனால் கண்ணாடியிழை நீரைவிட அடர்த்தி மிக்கது. காற்று அறையோ நுரையோ போதிய அளவு இல்லாத பைபர் படகில் நீர் நிறைந்தால் அது மூழ்கிவிடும். ஆகவே படகு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதன்று, "நீர் நிறைந்தால் மிதக்குமா?" என்பதே.

வேகத்தின் விலை

மெதுவாகச் செல்லும் படகு நீரைத் தள்ளிக்கொண்டு செல்கிறது. அதற்கு ஓர் எல்லை உண்டு. நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை ஏறத்தாழ நாட் கணக்கில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 25 அடி நீளத்துக்கு 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு மேல் விரைய வேண்டுமானால் படகு நீரை விட்டு எழுந்து அதன் மேற்பரப்பில் சறுக்க வேண்டும். ஏரியில் தட்டைக் கல்லை வீசினால் அது தத்தித் தத்திச் செல்வதைப் போன்றது இது.

அவ்வாறு சறுக்கும் படகு அலையில் மோதி நொறுங்காதிருக்க, ரேமண்ட் ஹண்ட் என்னும் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் அடிப்பாகத்தை ஆழ்ந்த "வி" வடிவில் அமைத்தார். 1960-இல் மியாமியிலிருந்து நாசோ வரை நடந்த கடற்பந்தயத்தில் அவர் வடிவமைத்த "மோப்பி" என்னும் படகு கொந்தளிப்பான கடலில் வென்றது. அதன் பின் அவ்வடிவம் உலகெங்கும் பரவியது.

ஆனால் வேகம் இலவசமாகக் கிடைப்பதில்லை. முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர் பெட்ரோல் செலவாகும். 300 குதிரைத்திறன் கொண்ட இரு இயந்திரங்கள் பூட்டிய படகு மணிக்குச் சுமார் 200 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 20,000 ரூபாய்! நம் கரையில் பழக்கமான, 10 குதிரைத்திறன் அளவுள்ள இயந்திரத்துக்கு மூன்று, நான்கு லிட்டர் போதும். பெட்ரோலில் துவக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகையும் உண்டு. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எரிபொருள் செலவு நிற்பதில்லை. பெரிய இயந்திரம் பெரிய கடனாகவும் மாறலாம் என்பதை மறக்கலாகாது.

அனுபவமுள்ள படகோட்டிகள் ஒரு விதியைக் கூறுவர். எரிபொருளை மூன்று பங்காக்கு: ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு ஆபத்துக்கு.

உப்பும் மணலும்

படகின் பகைவர் இருவர்: உப்பு, மணல். இயந்திரம் கடல்நீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஆகவே கரை திரும்பியதும் நன்னீர் செலுத்தி உள்ளே கழுவ வேண்டும். தவறினால் உப்பு படிந்து பாதை அடைபடும். இயந்திரத்தின் மேல் ஒரு துத்தநாகத் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். கடல்நீர் முதலில் அதை அரித்துத் தின்னும். அதனால் இயந்திரம் தப்பும். கரைந்துபோன துண்டை மாற்றுவதும், எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதும், தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தைச் சோதிப்பதும் உடைமையாளரின் கடமைகள்.

நம் கரைக்கு இன்னொரு தனிக் குணம் உண்டு. இங்கே குப்பத்துப் படகுகளுக்குத் துறைமுகம் இல்லை; அலையைப் பிளந்துகொண்டு மணலில்தான் ஏற வேண்டும். முற்காலத்தில் சோழமண்டலக் கரைக்கு வந்த கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. கயிற்றால் தைத்த மசூலா படகுகளே சரக்கைக் கரை சேர்த்தன. ஆழ்ந்த "வி" வடிவப் படகு மணலில் நேராக நிற்காது, சாய்ந்துவிடும். கரையருகே சுழல்விசிறி மணலைக் கிளறினால், குளிர்விக்கும் நீரோடு மணலும் உள்ளே புகும். இதை உணர்ந்தே, 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டத்தினர், சுழல்விசிறியை மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய கரையேறும் படகுகளை உருவாக்கினர். கரைக்கு ஏற்ற படகே நல்ல படகு.

உயிர் காக்கும் கயிறு

ஓட்டுபவர் கடலில் தவறி விழுந்தால் என்ன ஆகும்? ஆளில்லாப் படகு வட்டமிட்டு அவர் மேலேயே ஏறிவிடலாம். இதைத் தடுக்க ஒரு சிறு கயிறு போதும். அதன் ஒரு முனை ஓட்டுபவரின் உடையில். மறுமுனை இயந்திரத்தின் நிறுத்து விசையில். அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் உடனே நின்றுவிடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகள் விரைந்து செல்லும்போது ஓட்டுபவர் இத்தகைய இணைப்பை அணிவது 2021 ஏப்ரல் முதல் சட்டமாகியுள்ளது. நம் ஊரில் விற்கும் பல இயந்திரங்களிலும் இக்கயிறு உடன் வருகிறது. அதை டப்பாவில் போட்டு வைக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளச் செலவேதும் இல்லை.

உயிர்காப்பு அங்கியும் அவ்வாறே. கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், கடலோரப் பாதுகாப்புக் காவலரை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இவ்விரு எண்களைப் படகில் எழுதி வைப்பது நலம்.

முடிவுரை

அதிவேகப் படகிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை அதன் நுரை, நீர் வடியும் தளம், நிறுத்தும் கயிறு, அன்றாடப் பராமரிப்பு ஆகியவை. அறுநூறு குதிரைத்திறனை அவர்களுக்கே விட்டுவிடலாம்!

நம் பள்ளியில் படகுக் குடும்பத்துத் தோழியர் பலர் இருக்கின்றனர். காலையில் அவர்கள் வகுப்பில் அமர்ந்திருக்கும்போது அவர்களுடைய தந்தையரும் அண்ணன்மாரும் அலைக்கு அப்பால் இருப்பர். அவர்கள் எத்தனை விரைவாகச் சென்றனர் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. திரும்பி வந்துவிட்டார்களா என்றுதான் கேட்கின்றனர். தோழியரே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், "அந்தக் கயிற்றை மாட்டிக்கொள்கிறீர்களா, அப்பா?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.