பூட்டு எந்தக் கதவுக்கு?

காஞ்சிபுரத்தில் இரண்டு கதவுகளைப் பாருங்கள், தோழர்களே!

ஒன்று, பிள்ளையார்பாளையத்து நெசவாளியின் வீட்டுக் கதவு. உள்ளே தறி இருக்கிறது. தறியிலே பாவு இருக்கிறது. பக்கத்திலே பாயில் படுத்த கிழவி இருமிக்கொண்டிருக்கிறாள். பரணில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள்ளே மருந்துச் சீட்டு, அடகுச் சீட்டு, ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம். அந்த ஏழையின் வாழ்வு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் அடக்கம்.

மற்றொன்று, அலுவலகத்தின் கதவு. உள்ளே பீரோ இருக்கிறது. பீரோவிலே பேரேடு இருக்கிறது. எவருக்கு மானியம் போயிற்று, எவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது, எந்த அதிகாரி கையெழுத்திட்டார் என்பதெல்லாம் அந்தப் பேரேட்டிலே பதிவு. அந்த ஏட்டுக்கு மை வாங்கிய காசும் நாம் கொடுத்த வரிப்பணம்தான்!

எந்தக் கதவுக்குப் பூட்டு வேண்டும்? எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்? பள்ளிப்பிள்ளையைக் கேட்டாலும் பளிச்சென்று பதில் சொல்லும். ஆனால் டில்லியில் 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44-வது பிரிவைப் படித்தால், இரண்டு கதவுக்கும் ஒரே பூட்டைத்தான் மாட்டியிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். நம் மாவட்டத்து உத்திரமேரூருக்குச் செல்லுங்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் நிற்கின்றன. குடவோலை முறை பற்றிய அந்தச் சாசனத்தில் ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மீண்டும் வாரியத்துக்கு வரக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது! இதை ஓலையில் எழுதி ஒளித்து வைக்கவில்லை. ஊரார் பார்க்கும் சுவரிலே உளிகொண்டு செதுக்கினார்கள்.

அது பொற்காலம் என்று புளகாங்கிதம் அடைய வேண்டாம். அந்தச் சபைக்குள் நுழைய நிலம் வேண்டும், வேதம் தெரிய வேண்டும். தறிக்காரனுக்கு அங்கே இடமேது? உழைத்தவன் வெளியே நின்றான். உயர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டவன் உள்ளே உட்கார்ந்தான். ஆயினும், பொதுப்பணத்தைத் தொட்டவன் பொதுவிலே கணக்குக் காட்ட வேண்டும் என்ற நியாயத்தை அந்தச் சபைகூட மறுக்கவில்லை. சிலருக்காக அன்று கல்லில் வெட்டிய நீதி, இன்று எல்லாருக்கும் காகிதத்திலாவது கிடைக்க வேண்டாமா?

வெள்ளைக்காரன் வந்தான், 1923-ல் அலுவல் இரகசியச் சட்டம் கொண்டுவந்தான். அடிமை நாட்டில் ஆள்பவனுக்கு இரகசியம் தேவைப்பட்டது. விடுதலை வந்தது, வெள்ளையன் போனான், இரகசியம் மட்டும் போகவில்லை. அத்தி வரதராவது 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்தை விட்டு வெளியே வந்து, 2019-ல் 48 நாள் காட்சி தந்தார். அரசாங்கக் கோப்போ அந்த அளவுக்குக்கூட இரக்கம் காட்டியதில்லை!

இந்த நிலையை மாற்ற முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் எது? தமிழ்நாடு! 1997 ஏப்ரலில், கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, தகவல் உரிமைச் சட்டம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நாட்டுக்கே முன்னோடி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அதே நெஞ்சில் கை வைத்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகள் இருந்தன. கதவைத் திறந்து வைத்து, வாசலில் இருபது காவலரை நிறுத்தினால் உள்ளே போவது எப்படி? விலக்கு பெருத்தால் உரிமை சிறுக்கும் என்பது அன்றைக்கே நாம் படித்த பாடம்.

பிறகு 2005-ல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம். 30 நாளில் பதில். உயிரைப் பற்றிய செய்தியானால் 48 மணி நேரத்தில் பதில். காரணமின்றி மறுக்கும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம். ஏன் கேட்கிறாய் என்று கேட்கும் உரிமைகூட அதிகாரிக்கு இல்லை! கைகட்டி நின்ற குடிமகன் கணக்குக் கேட்கத் தொடங்கினான்.

"அப்படியானால் தனிமனிதனின் அந்தரங்கம் என்ன ஆவது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அதை நாமும் கேட்கிறோம். அவர்களைவிட உரக்கக் கேட்கிறோம்! 2017-ல் ஜார்க்கண்டு மாநிலத்தில் என்ன நடந்தது? முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் பத்து லட்சம் பேருக்கு மேல். அவர்களுடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் அரசாங்க இணையதளத்திலேயே அம்பலமாகிக் கிடந்தன. அந்தக் கிழவர்கள் என்ன ஒப்பந்தம் எடுத்தார்கள்? எந்த ஊழல் செய்தார்கள்? ஏழையின் தகரப்பெட்டியைத் தெருவிலே கவிழ்ப்பதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை அல்ல, வெட்கக்கேடு. அதே 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அந்தத் தீர்ப்பை வரவேற்போரில் நாமும் உண்டு.

எல்லைக்கோடு எங்கே என்பதற்கு வேறு நாட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டு வழக்கே வழி காட்டுகிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் இருந்தபடி தன் வரலாற்றை எழுதினான். நக்கீரன் ஏடு அதை வெளியிட முற்பட்டது. அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்பைக் கைதி எழுதியிருக்கிறான் என்றதும், சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தன் குடும்பம், தன் வீடு, தன் வாழ்வு ஆகியவற்றில் பிறர் தலையிடாதிருக்கும் உரிமை ஒவ்வொருவனுக்கும் உண்டு. ஆனால் செய்தி பொது ஆவணத்தில் ஏறிவிட்டால் அதைப் பற்றி எழுதலாம். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயருக்கு மட்டும் அங்கேயும் காப்பு உண்டு. பொது ஊழியன் தன் பணியில் செய்த செயலை அந்தரங்கம் என்று சொல்லி மூட முடியாது. எவ்வளவு தெளிவான கோடு, பாருங்கள்!

2005-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தக் கோட்டைத்தான் போட்டது. பொதுப்பணிக்கோ பொதுநலனுக்கோ தொடர்பில்லாத தனிப்பட்ட செய்தியையும், காரணமின்றி அந்தரங்கத்தில் நுழையும் செய்தியையும் தர வேண்டாம். பொதுநலன் பெரிதென்றால் அதையும் தரலாம். அதோடு ஒரு முத்தான வாசகம்: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத செய்தியைக் குடிமகன் எவனுக்கும் மறுக்கக் கூடாது. சட்டமன்ற உறுப்பினருக்கு இணையாகத் தறிக்காரனை நிறுத்திய வாசகம் அது.

2023-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தனையையும் வெட்டியது. தனிப்பட்ட செய்தியென்றால் தர வேண்டாம் என்ற அளவிலே அந்தப் பிரிவைச் சுருக்கிவிட்டது. எந்தப் பேரேட்டில் மனிதன் பெயர் இல்லை? எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லை? பெயர் இருந்தாலே தனிப்பட்ட செய்தி என்றால், பேரேடு முழுவதும் அந்தரங்கமாகிவிடாதா?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2025 நவம்பரில் இந்தச் சட்டத்துக்கான விதிகளை அறிவித்தார்கள். குடிமகனின் தரவைக் காக்கும் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாதத் தவணை கொடுத்தார்கள். தகவலை மூடும் பிரிவு உடனே நடைமுறைக்கு வந்தது! வீட்டுக்குக் காவல் பிறகு வருமாம். அலுவலகத்துக்குப் பூட்டு உடனே தேவையாம்!

"8-வது பிரிவின் 2-வது உட்பிரிவு இன்னும் இருக்கிறதே, பொதுநலன் பெரிதென்றால் தரலாமே" என்று டில்லி சமாதானம் சொல்கிறது. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சுமை யார் தலையில்? முன்பு அந்தப் பிரிவைக் காட்டி மறுக்க வேண்டுமானால், இது பொதுப்பணிக்குத் தொடர்பில்லாதது என்று அதிகாரி விளக்க வேண்டியிருந்தது. இப்போது பெயரைச் சுட்டிக்காட்டினால் போதும். பொதுநலன் பெரிது என்று வாதாடும் வேலை கேட்டவன் தலையில் விழுகிறது. ஒரு நாள் தறி நின்றால் அடுப்பும் நிற்கும் குடும்பத்துக்காரன், ஒரு பட்டியலுக்காக ஆணையம் வரை அலைய முடியுமா?

"பெயர் எதற்கு? மொத்தத் தொகையைச் சொன்னால் போதாதா?" என்று கேட்பவரும் உண்டு. ராஜஸ்தானத்துக் கூலியாட்களைக் கேளுங்கள். 1990-களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர் அமைப்பு, வறட்சி நிவாரண வேலைகளின் கூலிப்பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தது. செத்துப்போனவன் பெயரில் கூலி! ஊரை விட்டே போனவன் பெயரில் கூலி! பெயரைப் படித்ததால்தான் திருட்டு வெளிப்பட்டது. மொத்தத் தொகையை மட்டும் படித்திருந்தால் கூட்டம் கைதட்டிக் கலைந்திருக்கும். 1996-ல் பியாவரில் அவர்கள் 40 நாள் அமர்ந்து நடத்திய அறப்போர்தான் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்து.

இதை நம் ஊருக்குப் பொருத்துங்கள். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் என்று 2023-ல் உயர்த்தப்பட்டது. பயன்பெறுவோர் பட்டியலிலே தறியே இல்லாதவன் பெயர் ஏறினால் அதைக் கண்டுபிடிக்கக் கூடியவர் யார்? கோட்டையில் இருக்கும் செயலாளருக்குத் தெரியுமா? தெருவில் இருக்கும் நெசவாளிக்குத் தெரியும்! எந்த வீட்டில் தறி ஓடுகிறது, எந்த வீட்டில் தறிக்குழி தூர்ந்துவிட்டது என்று அவன் அறிவான். பட்டியலை அவன் கண்ணில் காட்டாமல் ஒளிப்பது, திருடனைத் தெரிந்த ஒரே சாட்சியை வெளியே தள்ளிக் கதவடைப்பதாகும்.

கூட்டுறவுச் சங்கத்துக்கும் இது பொருந்தும். கூட்டுறவுச் சங்கம் என்பதாலேயே ஒரு சங்கம் தகவல் சட்டத்துக்குள் வந்துவிடாது. அரசின் பெரும் நிதியுதவியோ ஆழ்ந்த கட்டுப்பாடோ இருந்தால்தான் வரும் என்று 2013-ல் கேரளத்து தலப்பாலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் சட்டப்படி பதிவாளர் பெறக்கூடிய செய்தியைப் பதிவாளரிடம் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே சங்கத்தின் வாசல் சாத்தியிருந்தாலும் பதிவாளர் வாசல் உண்டு. அந்த வாசலிலும் தனிப்பட்ட செய்தி என்ற பூட்டு தொங்கினால், பட்டும் ஜரிகையும் வாங்கிய கணக்கை உறுப்பினன் எங்கே போய்க் கேட்பான்?

என்னதான் வேண்டும் என்கிறீர்கள்? சொல்கிறோம். பட்டியலில் பெயரும் ஊரும் திட்டமும் தொகையும் காட்டு. ஆதார் எண்ணை மறை, வங்கிக் கணக்கை மறை, தொலைபேசி எண்ணை மறை, நோயை மறை. அதிகாரியின் கையெழுத்தைக் காட்டு. அவர் வீட்டுக் குழந்தையின் பள்ளியை மறை. தகவல் கேட்டவன் முகவரியைக் கட்டாயம் மறை! புனே அருகே நில ஊழலைத் தோண்டிய சதீஷ் ஷெட்டி 2010-ல் வெட்டிக் கொல்லப்பட்டதை மறக்கலாமா? மறைக்க வேண்டியதை நீக்கி மற்றதைக் கொடுக்கச் சட்டத்தின் 10-வது பிரிவு இப்போதும் வழிவிடுகிறது.

இது நடக்காத காரியமும் அல்ல. நிலம் வாங்குபவன் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறான். யார் விற்றார், யார் வாங்கினார் என்று பெயரோடு தெரிகிறது. அதனால் எவன் மானம் போயிற்று? மோசடிதான் குறைந்தது. சுவீடன் நாட்டில் 1766-லேயே அரசாங்க ஏடுகளைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் செய்தார்கள். நாடு கவிழ்ந்துவிடவில்லை!

1997-ல் நாட்டுக்கு முந்திய தமிழ்நாடு, இதிலும் முந்த வேண்டும். கேட்காமலே வெளியிட வேண்டிய செய்திகள் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-வது பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. மானியத் திட்டமும் பயனாளிகள் விவரமும் அதில் அடக்கம். அந்தப் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு அலுவலகச் சுவரிலும் பட்டியலை ஒட்டச் சொல்லி மாநில அரசு ஆணையிடட்டும். ஆட்சியில் இருப்பவர் எவராயினும் இந்தக் கோரிக்கை மாறாது.

தோழர்களே! மேடையில் கைதட்டியது போதும். வெள்ளைத் தாள் ஒன்று, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒன்று. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். உங்கள் தெருவின் பட்டியலைக் கேளுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மனுவிலேயே பொதுநலன் இன்னது என்று இரண்டு வரி எழுதுங்கள். 8-வது பிரிவின் 2-வது உட்பிரிவைக் குறிப்பிடுங்கள். கேட்கும் கை பெருகினால் மூடும் கை தளரும்.

நெசவாளியின் தகரப்பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள். நாங்களே காவல் நிற்கிறோம். பேரேட்டுக்குப் போட்ட பூட்டைக் கழற்றுங்கள். கழற்றும் வரை நாங்கள் வாசலை விட்டு நகர மாட்டோம்!