அசிட் வீச்சு: புண் ஆறிய பின்னும்

உழவு இயந்திரத்தின் பற்றரிக்குள் இருக்கும் அசிட் நம்மில் பலருக்குப் பழக்கமானது. ஒரு துளி தெறித்தாலே சாரம் ஓட்டையாகிவிடும் என்பதையும் அறிவோம். பங்களாதேஷில் 1990களில் இதே அசிட் மனிதரின், பெரும்பாலும் இளம் பெண்களின், முகத்தில் வீசும் ஆயுதமாயிற்று. திருமணத்துக்கு இணங்காமை, சீதனத் தகராறு, காணிப் பிணக்கு என்பன முக்கிய காரணங்கள். காணிக்காக ஒரு முகத்தை அழிப்பதா என நாம் திகைக்கலாம். அதுவும் பல தடவை நடந்திருக்கிறது.

அசிட் தோலோடு நின்றுவிடாது. கழுவி அகற்றும்வரை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். சில வேளைகளில் எலும்பையும் தொட்டுவிடும். கண்ணிமை அழிந்தால் கண்ணை மூட முடியாது. விழி உலர்ந்து, புண்ணாகி, பார்வை பறிபோகலாம். ஆகவே முதல் நிமிடங்களே பெரியவை. அசிட் பட்ட உடையைக் களைந்து, சுத்தமான தண்ணீரை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பின்பு வைத்தியசாலை. எண்ணெய், மஞ்சள், பற்பசை எதையும் பூசலாகாது.

புண் ஆறியதும் துன்பம் தீர்ந்தது என்று பார்ப்பவர்கள் எண்ணுவர். உண்மையில் தழும்பு மாதக்கணக்காக இறுகிச் சுருங்கும். நாடி நெஞ்சோடு இழுபடும். வாய் குறுகி, ஒரு கவளம் சோறும் நுழையாது. முழங்கை மடங்கியபடியே நின்றுவிடும். இதனால்தான் ஒருவருக்கே பல சத்திரசிகிச்சைகளும், நீண்ட காலப் பயிற்சியும் தேவைப்படுகின்றன.

மனத்தின் காயமோ வெளியே தெரிவதில்லை. இரவில் திடுக்கிட்டு விழித்தல், கண்ணாடிக்கு அஞ்சுதல், வீட்டை விட்டு வெளியேற மறுத்தல், உயிர் வாழவே விருப்பமற்றுப் போதல். ஷெல் சத்தத்துக்குத் தப்பி வந்த நமக்கு இது விளங்காத விடயமல்ல. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வீசியவன் பெரும்பாலும் தெரிந்தவன். சில வேளை அதே ஊரில் நடமாடுபவன். அத்துடன், "நீ என்ன செய்தாய், அவன் ஏன் வீசினான்?" என்று அயலவர் கேட்கும் கேள்வி. அவளைப் பாடசாலையிலிருந்தும் வேலையிலிருந்தும் மறித்து வைப்பதில் இக்கேள்விக்குப் பெரும் பங்குண்டு என்பதே எமது எண்ணம்.

டாக்காவில் 1999இல் அசிட் வீச்சில் தப்பியோருக்கென ஒரு நிறுவனம் தொடங்கியது. பாதிக்கப்பட்ட பெண்கள் சிலர் அங்கே பணியாளர்களாகவும் இருந்தனர். 2002இல் அந்நாட்டு அரசு இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, அனுமதிப்பத்திரமின்றி அசிட் விற்பதைத் தடுத்தது. மற்றையது, வீசியவனுக்கு மரண தண்டனை வரை விதிக்க வழி செய்தது. அவ்வாண்டில் ஏறக்குறைய 500 ஆக இருந்த சம்பவங்கள் பத்து ஆண்டுகளுக்குள் 100க்கும் கீழே இறங்கின.