வாழ்த்துவோம், வழிவிடுவோம்



2022 மே 23 அன்று ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி. பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அரியலூர் இளைஞர் கார்த்தி செல்வம். நம் மண்ணின் பிள்ளை என மகிழ்ந்தோம்.

பெரம்பலூர், அரியலூர் பேருந்து நிலையங்களில் கல்லூரி வீரர், வீராங்கனைகளை நாமும் சந்திக்கலாம். அப்போது எப்படி நடந்துகொள்வது?

உண்ணவும் நேரமின்றிக் கூட்டம் நெருக்கியபோது, சீடர்களை ஓய்வெடுக்கத் தனிமையான இடத்திற்கு அழைத்தார் இயேசு (மாற் 6:31). இறைப்பணியாளருக்கே ஓய்வு தேவை எனில், ஆடிக் களைத்த பிள்ளைகளுக்கு?

எனவே, அவர்கள் சாப்பிடும்போதும் பெற்றோருடன் இருக்கும்போதும் குறுக்கிட வேண்டாம். படம் எடுக்குமுன் அனுமதி கேட்போம், தயங்கினால் விட்டுவிடுவோம். வீராங்கனைகளிடம் இது இன்னும் அவசியம். தோற்று வந்தவரிடம் காரணம் கேட்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். "நல்லா விளையாடுனப்பா" என்ற ஒரு சொல் போதும்.

வென்ற நாளில் மட்டுமா அவர் நம் பிள்ளை? தோற்ற நாளிலும் அவர் கடவுளின் சாயல் அல்லவா? சிந்திப்போம். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை நம் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவாராக!