உங்களுக்குத் தெரியுமா? எக்கோ முன்கூட்டியே சொல்லும் சேதி

இன்று எக்கோ என்று நாம் சொல்லும் இதய ஸ்கேனின் தொடக்கம் ஒரு கப்பல் கட்டும் தளம்! ஸ்வீடனின் மால்மோ நகரில், இரும்பில் விரிசல் பார்க்க வைத்திருந்த ஒலியலைக் கருவியைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸ். 1953 அக்டோபர் 29-ல் அவரும் டாக்டர் இங்கெ எட்லரும் துடிக்கும் இதயத்தை முதன்முதலாக ஒலியலையால் பதிவு செய்தார்கள்.

*

திடீர் இதய நிறுத்த ஆபத்தை எக்கோ முன்கூட்டியே காட்டித்தரலாம். மாரடைப்பு வேறு, திடீர் இதய நிறுத்தம் வேறு. முன்னது ரத்தக்குழாய் அடைப்பு. பின்னது பெரும்பாலும் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, துடிப்பே நின்றுபோவது. உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

*

"அப்பாவுக்கு பம்பிங் முப்பதுதான் இருக்காம்" என்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ரிப்போர்ட் கவரும் கையுமாகப் பேசுகிறார்களே, அந்த பம்பிங் என்ன? இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்று எக்கோவில் பார்த்துச் சொல்லும் கணக்கு. 55-க்கு மேல் இருந்தால் நல்லது. முறையாக மருந்து சாப்பிட்டும் 35-க்கு மேல் ஏறாவிட்டால், திடீர் மரண ஆபத்து அதிகம் என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஐசிடி என்ற சிறு கருவியை நெஞ்சுத் தோலுக்கடியில் பொருத்துகிறார்கள். துடிப்பு தடம் புரண்டால் அதுவே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும். தன் ஆசான் திடீரென இறந்த துக்கத்தில் இதை யோசிக்கத் தொடங்கியவர் டாக்டர் மிஷல் மிரோவ்ஸ்கி. மனிதருக்கு முதன்முதலில் பொருத்தியது 1980-ல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில்.

*

கபடி ஆடும் கட்டுமஸ்தான பையன் மைதானத்திலேயே சுருண்டு விழக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்பு. இதைக் கண்டறிய, எக்கோ அறையில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஜெல் தடவி, விலா இடுக்கில் கருவியை அழுத்துவார்கள். ஓடும் படத்தை நிறுத்தி, தசைச் சுவரின் இரு ஓரங்களிலும் புள்ளி வைத்தால் அளவு வந்துவிடும். 11 மில்லிமீட்டர் வரை இயல்பு. வேறு காரணமில்லாமல் 15 தொட்டால் இந்நோய். 30 என்றால் அபாய மணி. வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை.

*

இதயத் தசை நோய் ஆராய்ச்சியில் நம் பக்கத்து ஊரான மதுரைக்கும் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணியும் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் பலருடன் சேர்ந்து, இதயத் தசைப் புரதத்துக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை ஆராய்ந்தார்கள். தெற்காசியர்களில் 100-க்கு 4 பேரிடம் இந்தக் குறை இருக்கிறது என்று 2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் எழுதினார்கள். பலருக்கு நடுவயதுக்குப் பிறகே பாதிப்பு தெரியும் என்பதுதான் கவலை.

*

தசைத் தடிப்பு உள்ளவருக்கு 5 ஆண்டுகளுக்குள் திடீர் மரணம் நேரும் வாய்ப்பைக் கணிக்க ஐரோப்பிய இதயவியல் கழகம் 2014-ல் ஒரு சூத்திரம் தந்தது. அதற்குத் தேவையான 7 விவரங்களில் 3 எக்கோவிலிருந்தே கிடைக்கின்றன. வயது, காரணம் தெரியாத மயக்கம், குடும்பத்தில் நேர்ந்த திடீர் மரணம் ஆகியவையும் கணக்கில் வரும். அதனால் "எங்க சித்தப்பா இப்படித்தான் போனார்" என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

*

பம்பிங் நன்றாக இருந்தால் ஆபத்தே இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. திடீரென இறப்பவர்களில் பெரும்பாலோரின் பம்பிங் 35-க்கு மேல்தான் இருந்திருக்கிறது. எக்கோவோடு ஈசிஜி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சேர்த்தே பார்க்க வேண்டும்.

*

மாரடைப்பு வந்த கையோடு எடுத்த எக்கோவை வைத்து ஐசிடி தேவையா என்று முடிவு செய்வதில்லை. குறைந்தது 40 நாள் கழித்து, ஸ்டென்ட் வைத்திருந்தால் பொதுவாக 90 நாள் கழித்து, மறுபடி பார்க்க வேண்டும். தசை தேறியிருந்தால் கருவியே வேண்டியிருக்காது. வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம் என்று எங்கிருந்து போய் சிகிச்சை பெற்றாலும், டிஸ்சார்ஜ் ஆகும்போதே அடுத்த எக்கோவுக்கான தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். உடம்பு தெம்பாக இருந்தாலும் அந்தத் தேதியில் கட்டாயம் போங்கள்.