ஆர்சி இல்லாத பைக்கும் அனுமதி இல்லாத காடும்

மலையில் ஓட்ட டூ ஸ்ட்ரோக் நல்லதா, ஃபோர் ஸ்ட்ரோக் நல்லதா? போடி, சின்னமனூர், கம்பம் பக்கத்து மெக்கானிக் கடைகளில் இருபது வயதுப் பையன்கள் இப்போது கேட்கிற கேள்வி இது. வெளிநாட்டுக் காட்டுப் பாதைகளில் சேறு தெறிக்கப் பறக்கும் பைக்குகளைக் கைபேசியில் பார்த்து வளர்ந்த ஆசை. ஆசையில் குற்றமில்லை, கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. ஆனால் இஞ்சினை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் வண்டியையும் இழந்து வழக்கையும் சுமக்க நேரிடும். எந்த இஞ்சின் என்பது இங்கே இரண்டாவது கேள்விதான். ஆர்சி இருக்கிறதா, ஓட்டப்போகிற இடம் யாருடையது என்பதே முதல் கேள்வி.

இருந்தாலும் இஞ்சினையே முதலில் பார்த்துவிடுவோம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிப்பு நடக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. வால்வு, கேம் எதுவும் கிடையாது என்பதால் டூ ஸ்ட்ரோக் இஞ்சின் எடை குறைவானது, பிரித்து மாட்டுவதும் சுலபம். 98 சிசி ஆர்எக்ஸ் 100 இன்றும் கதைகளில் ஓடுவதற்கு அதன் துடிப்புதான் காரணம். ஆனால் அந்தத் துடிப்பு குறிப்பிட்ட வேகத்துக்குமேல் திடீரென்று வரும். ஈரப் பாறையிலும் சருகு மூடிய தடத்திலும் பழகாத கை அதைத் தாங்காது. ஃபோர் ஸ்ட்ரோக் தாழ்ந்த வேகத்திலேயே சீராக இழுக்கும்.

நம் மலையில் வித்தியாசம் தெரிவது இறக்கத்தில்தான். போடிமெட்டிலிருந்து முந்தல் நோக்கி 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கியரில் இறங்கிப் பாருங்கள். ஆக்சிலேட்டரை விட்டதுமே ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு குறைவு, பாரம் முழுதும் பிரேக்கின் தலையில் விழும். இன்னொரு ஆபத்தும் உண்டு. டூ ஸ்ட்ரோக் பிஸ்டனுக்கு வேண்டிய ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியே வைத்திருந்தால் பெட்ரோல் குறையும், ஆயிலும் கூடவே குறையும், இஞ்சினோ வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் சீஸ் ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அது வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆட்கள் இறங்கும்போது அவ்வப்போது ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கி விடுவதும், கிளட்ச்சின் மேல் விரலை வைத்தே இருப்பதும் இதனால்தான்.

மலையடிவாரத் தோட்டங்களில் மூட்டை சுமந்த டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பரும் டூ ஸ்ட்ரோக்தான். பங்கில் நிறுத்தி 2டி ஆயில் கலந்து பெட்ரோல் போடுவது அன்று எல்லாருக்கும் தெரிந்த வேலை. 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தபின் அந்தப் பழக்கம் மெல்ல மறைந்துவிட்டது. இன்று பழைய டூ ஸ்ட்ரோக் வாங்கும் பையன் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால், போர் அடித்து புது பிஸ்டன் போடுகிற செலவு சீக்கிரமே வரும். புதிதாகப் பழகுகிறவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகியதால் இன்று ஷோரூமில் ஆர்சியோடு கிடைக்கும் பெட்ரோல் பைக்குகள் எல்லாமே ஃபோர் ஸ்ட்ரோக். ஹீரோ எக்ஸ்பல்ஸ், கவாசாகி கேஎல்எக்ஸ் 230 போன்றவை மண் பாதைக்கும் ஏற்றவை, சாலைக்கும் பதிவானவை. டூ ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்றால் இரண்டே வழி. ஒன்று, ஆர்எக்ஸ் 100 மாதிரிப் பழைய வண்டி. இன்னொன்று, பந்தயத்துக்கென்றே செய்த இறக்குமதி டர்ட் பைக். பந்தய வண்டி டூ ஸ்ட்ரோக்கோ ஃபோர் ஸ்ட்ரோக்கோ, சாலைக்கான ஒப்புதல் பெறாததால் எந்த ஆர்டிஓ அலுவலகத்திலும் அதைப் பதிய முடியாது. "பேப்பர் அப்புறம் வாங்கிக்கலாம் தம்பி" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பேப்பர் எப்போதும் வராது.

பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம், வண்டியையும் பிடித்து வைக்கலாம். அபராதத்தைவிடப் பெரிய இடி இன்சூரன்ஸில் இருக்கிறது. பதிவில்லாமல் சாலையில் ஓட்டுவது பாலிசியின் அடிப்படையையே மீறுவது என்று 2014-ல் நரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஒருவர் மீது அந்த வண்டி மோதினால், இழப்பீட்டை ஓட்டியவரும் உரிமையாளரும் சொந்த வீட்டை விற்றாவது கொடுக்க வேண்டிவரும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் கவனம் வேண்டும். பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும், அதற்குப்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு நின்றதே 1996-ல் என்பதால், உங்கள் கைக்கு வருவது பலமுறை புதுப்பித்திருக்க வேண்டிய வண்டி. எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். சேசிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று வெயிலில் நிறுத்திப் படியுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். கேரளப் பதிவு வண்டி மலிவாகக் கிடைத்தால் தடையில்லாச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். சைலன்சரை அறுத்துக் கூடுதல் சத்தம் வைத்த வண்டி என்றால் அதற்குத் தனி அபராதம் உண்டு.

சரி, ஆர்சி உள்ள வண்டியே வாங்கிவிட்டீர்கள். எங்கே ஓட்டுவீர்கள்? கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றித் தெரியும் பச்சை பெரும்பாலும் காப்புக்காடு. மேகமலையும் அதைச் சேர்ந்த காடுகளும் 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. சின்னமனூரிலிருந்து ஹைவேவிஸ் போகும் தார்ச்சாலையை விட்டு இறங்கித் தடத்தில் வண்டியை விட்டால் அது அத்துமீறல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதியின்றி சரணாலயத்துக்குள் நுழைவதற்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 திருத்தத்துக்குப்பின் உள்ள தொகை இது. மாடு மேய்க்கிறவர்கள் போகிற தடம்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது.

இந்தச் சட்டத்தைத் தொல்லையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீயில் மலையேறப் போன 23 பேரை இழந்தோம். அவர்கள் நடந்து போனவர்கள், அந்தத் தீக்கும் பைக்குக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பதை அன்று தேனி மாவட்டமே பார்த்தது. டூ ஸ்ட்ரோக் சைலன்சருக்குள் ஆயில் கரி படிந்து பொறியாகத் தெறிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் கடுமையாகச் சுடும், காய்ந்த புல்மேல் நிறுத்தினாலே பற்றக்கூடும். அமெரிக்காவில் தேசிய வனங்களில் பொறி தடுக்கும் வலை இல்லாமல் பைக்கை ஓட்டவே கூடாது. இங்கே விற்கும் பழைய வண்டிகளில் அதை யாரும் பொருத்தித் தருவதில்லை. யானையையும் மறக்கக் கூடாது. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் நகருக்குள் புகுந்தது, அது தாக்கிக் காயப்படுத்திய ஒருவர் பிறகு இறந்தார். ஊருக்கு 144 தடையுத்தரவு போட்டார்கள். மிரண்ட யானைக்குப் பக்கத்தில் உறுமும் சைலன்சர் என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்க யாரும் காட்டுக்குள் போகக் கூடாது.

தெரியாமலோ தெரிந்தோ மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம். உங்களுக்கும் உரிமைகள் உண்டு. வண்டியைக் கைப்பற்றினால் மகஜரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். வழக்கை அபராதத்தோடு முடித்துக்கொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு அதிகாரம் பெற்ற அதிகாரியின் எழுத்து உத்தரவும் ரசீதும் வேண்டும். ரசீதில்லாமல் கை மாறும் பணம் வழக்கை முடிக்காது. கைப்பற்றியதாலேயே வண்டி அரசுக்குச் சொந்தமாகிவிடாது, விசாரணை முடியும்வரை அதை விடுவிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு என்று 2008-ல் மதுகர் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் விடுவிக்கக் கேட்கும் மனுவோடு வண்டி உங்களுடையது என்று காட்ட வேண்டும். ஆர்சி இல்லாதவர் எதைக் காட்டுவார்?

சாலையில் ஓட்டலாம் என்று சொல்லிப் பந்தய வண்டியைக் கடைக்காரர் விற்றிருந்தால் அது நியாயமற்ற வணிகம். பில், விளம்பரப் படம், பேசிய குறுஞ்செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கியது ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம், இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பழைய வண்டியை ஒரு தனிநபரிடம் வாங்கி ஏமாந்தவருக்கு இந்த வழி பொதுவாக அடைபட்டிருக்கும். அவர் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்து, பணத்துக்கு உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். அது நீண்ட வழி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயது ஆகாத மகன் சாலையில் குற்றமிழைத்தால் வண்டி கொடுத்தவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் கர்நாடகத்தின் கோலாரில் டர்ட் பைக் பயிற்சித் தளம் நடத்துகிறார். பதிவாகாத பந்தய வண்டிகள் ஓட வேண்டிய இடம் அப்படிப்பட்ட வேலியிட்ட தளம்தான். ஊரிலேயே பழக வேண்டுமென்றால், சொந்தப் பட்டா நிலத்திலோ எழுத்து அனுமதி தந்த ஒருவரின் தரிசிலோ, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் பூட்ஸும் போட்டுப் பழகட்டும். அங்கேயும் பதிவில்லாத வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.